பாதி மாத்திரையும் உன் ஜெர்மனி வேலையும்

ஸ்டான்லி,

நான் நன்றாக இருக்கிறேனா இல்லையா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, வேலை கொடுத்த அந்த ஜெர்மனிக்காரனுக்கு ‘வரவில்லை’ என்று எழுதப் போகிறாயாம். இன்னும் அதே முடிவுதான் என்று உன் பெரியம்மா சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அதனால்தான் இதை எழுதி உன் ஆபீஸ் பையில், டிபன் டப்பாவுக்குக் கீழே வைக்கிறேன். ரயிலில் உட்கார்ந்து படி. நேரில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், கடைசியில் கண் கலங்குவாய். அதைப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதுகிறான் என்று பிழை பார்க்காதே. என்னைத் தாங்க அந்த எட்டாம் வகுப்புக்குத்தான் சக்தி போதவில்லை. இதில் ஒரு நகலை நம் சபையின் மாதத் தாளுக்கும் கொடுக்கப் போகிறேன். பாஸ்டர் போடுவார். போன மாதம் எலுமிச்சை ஊறுகாய் போடுவது எப்படி என்று இரண்டு பக்கம் போட்ட மனிதர், ஒரு மனிதனின் இதயத்துக்கு இடம் தர மாட்டாரா? சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து உலகத்துக்கே வைத்தியம் சொல்கிற அந்த நாலு பென்ஷன் கிழங்களும் படிக்கட்டும்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பார்க்கலாம். பிள்ளைகள் பெற்றவர்களை விட்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். கிழவன் மத்தியானத்தில் தூங்குகிறான் என்பதற்காகக் கையில் வந்த வேலையை உதறுகிற மடையனை இந்தத் தங்கவயலில் உன் ஒருவனைத்தான் பார்க்கிறேன். எட்டு வருடமாக விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு ரயிலில் தொங்கிக்கொண்டு போய், இருட்டியபின் திரும்பி வருகிறாய். உன் மணிக்கட்டில் ஒரு கடிகாரம். நீ எத்தனை அடி நடந்தாய், உன் நெஞ்சு எத்தனை முறை துடித்தது என்று அது உனக்குச் சொல்ல வேண்டும். தான் உயிரோடு இருக்கிறோமா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவன் என் உடம்பைப் பற்றி முடிவு எடுக்கிறான்! உன் வயதில் நான் ஒரு ஷிஃப்டில் நாற்பது டிராலி கல் தள்ளியவன். பெரியம்மாவைக் கேட்டால் இருபது என்பாள். அவள் என்றைக்குச் சுரங்க ஷாஃப்டுக்குள் வந்து எண்ணினாள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு என் நெஞ்சு தாளம் தப்பியபோது நீதான் பங்காருப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாய். அந்த டாக்டர் பெண், உன்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவளாக இருப்பாள், ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று எழுதினாள். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் படபடக்கின்றன, அதைக் கேட்டுக் கீழ் அறைகள் கண்டபடி ஓடுகின்றன என்றாள். பெஞ்சுக் கிழங்களுக்கு இது இன்றுவரை புரியவில்லை, ‘வெறும் கேஸு, வாயு’ என்கிறார்கள். எனக்குச் சொன்ன உடனே புரிந்தது. ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்குக் கேஜை, அந்த ஆள் கூண்டை, இறக்கி ஏற்றுகிற வைண்டிங் என்ஜினை எனக்குத் தெரிந்த அளவு கம்பெனி முதலாளிக்கே தெரியாது. மேலே சிக்னல் மணி அடிக்கிறவன் குடித்துவிட்டுக் கண்டபடி அடித்தால் என்ஜின் டிரைவர் என்ன செய்வான்? பிரேக்கில் கை வைத்து நிதானமாக ஓட்டுவான். காலையில் ஐம்பது, இரவில் ஐம்பது என்று அவள் எழுதிக் கொடுத்த வெள்ளை மாத்திரை, அந்த மெட்டோப்ரோலால்தான், எனக்குப் பிரேக். அதோடு ரத்தம் உறையாமல் இருக்க இன்னொரு மாத்திரை. படபடக்கிற அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடுமாம்.

பிரேக் நன்றாகவே பிடித்தது. அளவுக்கு மீறிப் பிடித்தது. சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடித்ததும் ஒரு முறை உட்கார வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினால் அன்றைய வேலை முடிந்தது. சபைக் கோயிலில் எல்லாரும் நின்று பாடும்போது இரண்டாம் சரணத்துக்குமேல் நான் உட்கார்ந்துவிடுவேன். பக்தியில் தலை குனிந்திருக்கிறேன் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மத்தியானச் சாப்பாட்டில் தட்டிலேயே கையை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். பெஞ்சில் ஒருவன் இது வயசு என்றான். இன்னொருவன் அண்டர்கிரவுண்டு தூசி, அது நுரையீரலில் கல்லாகிவிட்டது என்றான். மூன்றாவது ஆள் கொள்ளுக் கஞ்சி குடி என்றான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் கொள்ளுக் கஞ்சிதான்; அவன் மகள் பரீட்சையில் தோற்றதற்கும் அதையேதான் சொன்னான். ஒருவனாவது, ‘நீ துன்ற மாத்திரைதான் ஒன்ன சாய்க்குது, போய் டாக்டராண்ட சொல்லு’ என்று சொன்னானா? இல்லை. நானும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்கு மைன்ஸ் மெடிக்கல் தெரியாது, அதனால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கம்பெனி டாக்டர் எங்களை வரிசையாக நிறுத்திப் பரிசோதிப்பார். நெஞ்சில் குழாயை வைப்பார், முக்காலியில் ஏறி இறங்கச் சொல்வார். மூச்சு வாங்கினால், இருமினால், ‘அன்ஃபிட்’. அன்ஃபிட் என்றால் கீழே இறங்க முடியாது. மேலே ஆபீஸ் வாசலில் புல் பிடுங்க வேண்டும், அண்டர்கிரவுண்டு படி போய்விடும், பெண்டாட்டிகூட ஒரு மாதிரிதான் பார்ப்பாள். அதனால் மெடிக்கலுக்கு முதல் நாள் சாராயம் தொட மாட்டோம். காலையில் இரண்டு பச்சை முட்டையை உடைத்துக் குடிப்போம். இஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னால், யூகலிப்டஸ் மரத்தடியில் நின்று, இருக்கிற இருமலையெல்லாம் இருமித் தீர்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவோம். எப்படி இருக்கிறாய் என்றால், ‘ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்!’ இதில் எனக்கு இணை யாருமே கிடையாது. ஒரு முறை ஜுரத்தோடு போய் ‘ஃபிட்’ சீட்டு வாங்கியவன் நான். நூற்றி நாலு டிகிரி. நூற்றி இரண்டாகவும் இருக்கலாம்.

அதே வித்தையைத்தான் பங்காருப்பேட்டையிலும் காட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செக்கப். அன்று காலை பத்து மணிவரை படுக்கையை விட்டு எழ மாட்டேன். இரண்டு டம்ளர் ஸ்ட்ராங் காபி. ஆஸ்பத்திரி வாசலில் கால் மணி நேரம் உட்கார்ந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டு, பிறகு எழுந்து விறுவிறுவென்று உள்ளே போவேன். அவள் கன்னடக்காரி, தமிழைத் தடவித் தடவிப் பேசுவாள். “பன்னி அஜ்ஜா, குத்கொள்ளி,” என்று வரவேற்று உட்காரச் சொல்வாள். “பல்ஸ் கொஞ்சம் கம்மி இருக்கு. களைப்பு இருக்கா? தலை சுத்துதா?” அஜ்ஜாவாம்! நான் அவளுக்குத் தாத்தாவாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே நெஞ்சை நிமிர்த்தி, “ஃபர்ஸ்ட் கிளாஸ் டாக்டர்” என்பேன். அவள் நம்பி அதே மாத்திரையை அதே அளவில் எழுதுவாள். எட்டு முறை இப்படி. எட்டு முறையும் ஒரு டாக்டரை ஏமாற்றிவிட்டோம் என்று மார் தட்டிக்கொண்டு ரயில் ஏறி, சாம்பியன் ரீப்ஸ் வருவதற்குள் உன் தோளில் தூங்கியவன் நான்.

அப்போதுதான் உனக்கு ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. வந்த மூன்றாம் நாள் நீ வாசலில் நின்று உன் சிநேகிதனிடம் போனில் பேசியதைக் கேட்டேன். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டாய். “நான் போவலடா. பெரியப்பா ரொம்ப வீக்கா கீறாரு. ஒரு வாய் பேசறதுக்குள்ள தூங்கிடறாரு. இவுர வுட்டுட்டு எப்டிடா போறது?” என்று சொன்னாய். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து உன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். எழ முடியவில்லை.

மறுநாள் காலை உன் பெரியம்மாவின் வெங்காயக் கத்தியை எடுத்து வெள்ளை மாத்திரையை நடுவில் வெட்டினேன். காலையில் பாதி, இரவில் பாதி. யாரிடமும் சொல்லவில்லை. ரத்த மாத்திரையை மட்டும் தொடவில்லை. அது ஏதோ தெய்வாதீனம். நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் காலையில் கண் விழித்தால் வேறு ஆள்! ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தேன். கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தேன். பக்கத்து லைன் வீட்டுக்காரன் தன் வண்டியை நம் வாசலில் நிறுத்தியதற்கு, இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் திட்டினேன். ஊரிகம்வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். வரும்போது ரயிலில்தான் வந்தேன், அதனால் என்ன? பெஞ்சில் போய் நின்று, “டாக்டருக்கெல்லாம் டாக்டரு நான். கீறீங்களாடா கொள்ளுக் கஞ்சி குடிச்சிக்கினு!” என்றேன்.

அங்கே நிறுத்தியிருந்தால் நான் மேதை. நிறுத்தவில்லை. பாதி குறைத்ததற்கே இவ்வளவு தெம்பு என்றால், முழுக்கக் குறைத்தால் ஜெர்மனிக்கு நானே போகலாமே என்று கணக்குப் போட்டேன். எட்டாம் வகுப்பில் முடிக்காமல் விட்டது இந்த மாதிரிக் கணக்குகளைத்தான் போலிருக்கிறது. பத்து நாள் பாதி சாப்பிட்டவன், ஒரு புதன்கிழமையிலிருந்து வெள்ளை மாத்திரையை வாயில் போடுவதுபோல் போட்டுக் கொல்லையில் துப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உன்னை ஊரிகம்வரை ரயிலில் கூட்டிப் போய், அங்கிருந்து கோரமண்டலுக்கு நடக்கலாம் வா என்றேன். நீ நம்பாமல் பார்த்தாய். அந்தப் பார்வைக்காகவே முன்னால் நடந்தேன்.

“இன்னா பெரியப்பா, மெதுவா போங்க. யாரு தொரத்துறாங்க?”

“ஜெர்மனிலயும் இப்டிதான் ஊந்து ஊந்து நடப்பியா? அன்னைக்கே திருப்பி அனுப்பிச்சிடுவான்.”

“நான் எங்க போறேன்? அதான் வேணாம்னு எழுதப் போறேனே.”

“இன்னாத்துக்கு?”

“இன்னாத்துக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா? அத்த வுடுங்க. வாங்க, அந்தக் கடைல டீ குடிக்கலாம்.”

“டீயா? டேய், என்ன பாத்தா சாவப் போறவனாட்டமா கீது? இந்த மேட்டுல ஓடிக் காட்டறேன் பாரு.”

ஓடினேன். அரை மைல் ஓடினேன் என்று பெஞ்சில் சொல்லி வைத்திருக்கிறேன், நீ மாற்றிச் சொல்லாதே. பதினைந்து தப்படி. நெஞ்சுக்குள் ஒரு மூட்டைக் கரப்பான்பூச்சியை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. காது அடைத்தது. சாலை என்னைப் பார்த்து எழுந்து வந்தது. பிறகு நடந்தது உனக்குத்தான் தெரியும். ஆட்டோவில் உன் மடியில் என் தலை இருந்தது ஞாபகம் இருக்கிறது. உன் மூக்கு என் நெற்றியில் ஒழுகிக்கொண்டிருந்ததும் ஞாபகம் இருக்கிறது. முப்பது வயதுக் கழுதை, டிரைவருக்கு முன்னால் அப்படி அழுவதா?

நாடி நூற்று அறுபதுக்குமேல் ஓடியதாம். பங்காருப்பேட்டை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இறக்கினார்கள். மறுநாள் காலை நீ கீழே மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் டாக்டர் பெண் வந்தாள். உனக்குத் தெரியாததிலேயே பெரியது இனிமேல்தான் வருகிறது, கவனமாகப் படி.

“அஜ்ஜா, மாத்திரை விட்டீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லியே டாக்டர்,” என்றேன். நெஞ்சில் ஒயர் ஒட்டியிருக்கும்போதும் எனக்கு வாய் கூசவில்லை.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் பெரியம்மா எழுந்து நின்றாள். “பொய்யி டாக்டர். கொல்லைல தொடப்பம் போட்டா வெள்ள வெள்ளயா மாத்திரதான் வருது. இன்னைக்கி நேத்து இல்ல, ரெண்டு வருஷமா இவுரு சொல்றதெல்லாம் பொய்யி. தட்டுல கைய வெச்சிக்கினே தூங்கறாரு. சட்ட மாட்டறதுக்கு ரெண்டு வாட்டி ஒக்கார்றாரு. இங்க வந்தா மட்டும் மாப்ளயாட்டம் நடக்கறாரு.”

டாக்டர் பெண்ணுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். “ஒவ்வொரு தடவையும் கேட்டேனே அஜ்ஜா! இந்த மாத்திரைக்கு சுஸ்து, களைப்பு எல்லாம் வரும். நீங்க சொல்லியிருந்தா நானே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிருப்பேன். எதுக்கு மறைச்சீங்க?”

அவளுக்கும் மெடிக்கல் கதையைச் சொன்னேன். யூகலிப்டஸ் மரம், இஞ்சி, பச்சை முட்டை எல்லாவற்றையும், உனக்குச் சொன்னதைவிட நன்றாகவே. நர்ஸ்கூடச் சிரித்தாள். உன் பெரியம்மா சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “இதயேதான் தம்பிக்கும் சொல்லிக்குடுத்தாரு,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஸ்டான்லி, உன் அப்பன் என் தம்பி. நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தான் என்பது உனக்குத் தெரியும். அவன் முதல் முறை இருமலில் ரத்தம் துப்பியபோது மெடிக்கலுக்கு இரண்டு வாரம் இருந்தது. ‘அண்ணே, சொல்லிடட்டுமா?’ என்று என்னிடம்தான் வந்து கேட்டான். ‘போடா பொட்டப்பயலே, புல்லு புடுங்கப் போறியா’ என்று கேட்டவன் நான். அவனை அந்த மரத்தடிக்கு அழைத்துப் போய், பின்னால் நின்று முதுகைத் தட்டி, இருமலையெல்லாம் வெளியே எடுத்து, முகம் துடைத்து உள்ளே அனுப்பியவன் நான். அவனுக்கு ஃபிட் கிடைத்தது. அதன்பிறகும் மூன்று வருடம் கீழே இறங்கினான். மேலே புல் பிடுங்கியிருந்தால் இன்னும் எத்தனை வருடம் இருந்திருப்பான் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஒருவேளை மேற்கொண்டு ஒரு வருடம்கூட இருந்திருக்க மாட்டான். ஆனால் அவன் கேட்டான், நான் இப்படிச் சொன்னேன். அவன் போனபோது உனக்கு நாலு வயது. உன் அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். உன்னை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். ‘தம்பி புள்ளைய தன் புள்ளயா வளக்கறான் பாரு’ என்று சபையே என்னை மெச்சியது. மெச்சியதை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். நீ எனக்குக் கடன்பட்டவன் என்று நினைத்துத்தானே ஜெர்மனியை விடப் போகிறாய்? அந்த நினைப்பை இங்கேயே, இந்த வரியிலேயே விட்டுவிடு. அப்படி நினைக்கவிட்டு உன்னை வளர்த்ததுதான் என்னுடைய எல்லாப் பொய்களிலும் பெரியது.

இப்போது மாத்திரை. நெஞ்சு அடங்கியதும் அவள் இருபத்தைந்தாக எழுதினாள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதாவது பாதி! நான் வெங்காயக் கத்தியால் வெட்டிய அதே பாதி! பத்து வருடம் படித்தவள் கடைசியில் என் அளவுக்குத்தான் வந்து சேர்ந்தாள் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் சீட்டை என் கையில் வைத்து அழுத்தி, “பாதி சரிதான் அஜ்ஜா. ஆனா நீங்க குருட்டாம்போக்கில வெட்டினீங்க, நான் பல்ஸையும் ஈசிஜியையும் பாத்து வெட்டறேன். அப்புறம் திடீர்னு சுத்தமா நிறுத்தினீங்களே, அதுதான் உங்களை இங்க படுக்க வெச்சது. இது ஒத்துக்கலன்னா வேற மாத்திரை இருக்கு. ஆனா நீங்க வாயைத் திறந்து சொல்லணும்,” என்றாள். சீட்டை மடித்துக்கொண்டு தலையாட்டினேன். என் வாழ்க்கையில் ஒரு பெண் சொன்னதற்கு நான் தலையாட்டிய இரண்டாவது முறை அது. முதல் முறை உன் பெரியம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது.

மூன்று வாரம் ஆகிறது. இனி எழுதுவதில் ஒரு சொட்டுக்கூட அலங்காரம் இல்லை, உன் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். தினமும் காலையில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிஷம் எண்ணி, காலண்டரில் எழுதுகிறாள். எழுபத்தி எட்டு, எண்பத்தி ரெண்டு, எழுபத்தி ஆறு. தாளம் இன்னும் ஒழுங்கில்லை. அது அப்படித்தான் இருக்கும், ஓட்டம் கட்டுக்குள் இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னாள். சாப்பிடும்போது தூங்குவதில்லை. மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்குகிறேன். ஸ்டேஷன் மேட்டில் ஒரு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. முன்பு மூன்று இடம். வாளித் தண்ணீர் தூக்க முடிகிறது, இரண்டாவது வாளி முடியவில்லை. கோயிலில் மூன்றாம் சரணம்வரை நிற்கிறேன், நாலாவதற்கு உட்கார்ந்துவிடுகிறேன். போன செக்கப்பில் களைப்பு இருக்கிறதா என்று அவள் கேட்டதும், என் வாய் பழையபடி கிளம்பியது. உன் பெரியம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். “மத்தியானத்துல இருக்கு டாக்டர்,” என்றேன். அதைச் சொல்ல என்ன வெட்கம் தெரியுமா? நாலு பேர் முன்னால் வேட்டி அவிழ்ந்த மாதிரி. அவள் தலையைக் கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டாள். அவ்வளவு சாதாரணமான விஷயமாம் அது.

ஆக, நான் நன்றாக இருக்கிறேனா என்ற கேள்விக்கு என் பதில்: முக்கால்வாசி. மீதிக் கால்வாசியைச் சரிசெய்ய உன்னால் ஆகாது. நீ இங்கே உட்கார்ந்து என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தால் முக்கால்வாசி முழுசாகிவிடாது. பக்கத்து லைன் ஆட்டோக்காரனிடம் பேசியிருக்கிறேன். எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவன் தலையில் இல்லை, என் தலையில். பெரியம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. நம் மூன்று பேரில் அவள் ஒருத்திதான் மனுஷி.

வெள்ளிக்கிழமைக்குள் அவனுக்குச் ‘சரி’ என்று எழுதிவிடு. அங்கே போனபின் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுவாய், எனக்குத் தெரியும். உன் புத்தி அப்படி. கூப்பிட்டதும் நான்தான் போனை எடுப்பேன். எப்படி இருக்கீங்க என்று என்னிடம் கேட்காதே. கேட்டால் பொய்தான் சொல்வேன். எழுபது வருடத்துப் பழக்கம், ஒரு மாத்திரையைக் குறைத்ததால் போய்விடாது. போனைப் பெரியம்மாவிடம் கொடுக்கச் சொல். அவள் காலண்டரைப் பார்த்து எண்களைப் படிப்பாள். எழுதிக்கொள். பிறகு என்னிடம் வா. நான் சொல்கிறதையெல்லாம் கேட்டுக்கொள், சிரி, ஆனால் ஒரு வார்த்தையையும் நம்பாதே.

பங்காருப்பேட்டை வந்திருக்கும். இறங்கி வண்டி மாறு.

உன் பெரியப்பா